காட்டில் கண்ட புழு எந்த அந்துப்பூச்சியுடையது?

கேள்வி: காட்டுப்பாதையில் கட்டைவிரல் பருமனுள்ள பழுப்புநிறப் புழு ஒன்று வேகமாக ஊர்ந்து சென்றது. முன்பகுதியில் கண்களைப் போன்ற இரண்டு கரிய வட்டங்களும், பின்புறம் குட்டையான மஞ்சள் கொம்பும் இருந்தன. படங்களில் தேடியும் ஒத்துப்போகும் புழு கிடைக்கவில்லை. இது என்ன? கொட்டுமா?

பதில்: வால்நுனியில் ஒற்றைக் கொம்பு இருப்பதால் இது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த புழு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அந்தக் கொம்பு மென்மையானது, கொட்டாது. நீங்கள் கண்டது பெரும்பாலும் அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். படங்களில் அது கிடைக்காததற்குக் காரணம் நிறம்தான். இலைகளைத் தின்று வளரும் காலத்தில் பச்சையாக, நீலவெள்ளைக் கண்புள்ளிகளுடன் இருக்கும் இப்புழு, கூட்டுப்புழுவாக மாறும் நேரம் நெருங்கியதும் முதுகு பழுப்பேறி, புள்ளிகளும் கறுத்து, செடியை விட்டிறங்கி இடம் தேடி அலையத் தொடங்குகிறது. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் தோற்றம் மாறக்கூடிய உயிரினத்தை நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் காண முயல்வது வீண் வேலை என்பதே என் கருத்து.

கண்புள்ளிகள் உடலின் எந்தக் கண்டத்தில், அதாவது வளையம் போன்ற எந்தப் பகுதியில், அமைந்துள்ளன என்பது அதைவிட நம்பகமான தடயம். தலையை அடுத்துள்ள மூன்று கண்டங்களில் கூர்மையான உண்மைக்கால்கள் மூன்று இணை இருக்கும். அரளிப் புழுவுக்குப் புள்ளிகள் இவற்றில் மூன்றாவது கண்டத்தின் மேல் உள்ளன. சேம்பிலும் திராட்சையிலும் காணப்படும் அதே குடும்பத்துப் புழுக்கள் சிலவற்றுக்கோ, அவை உண்மைக்கால்களுக்குப் பின்னுள்ள வயிற்றுக் கண்டத்தில்தான் தொடங்குகின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாது. பக்கவாட்டில் ஒரு படம் அவசியம்.

அதே பக்கவாட்டுப் படத்தில், உண்மைக்கால்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பற்றான பொய்க்கால்களையும் எண்ணிவிடலாம். அந்துப்பூச்சிப் புழுக்களில் இவை பெரும்பாலும் ஐந்து இணைக்கு மேல் இருப்பதில்லை. ஆறு அல்லது அதற்கு மேல் இருந்து, தலையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே கண் தெரிந்தால், அது குளவிகளுக்கு உறவான ரம்ப ஈயின் புழு. பின்முனையில் மட்டும் இரண்டு இணை வைத்துக்கொண்டு உடலை வளைத்து வளைத்து நடப்பவை காவடிப்புழுக்கள். முதுகில் அரிசிமணி போன்ற வெண்கூடுகள் ஒட்டியிருந்தால் அவற்றை முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை புழுவின் உடலைத் தின்று வெளிவந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள்.

இந்தப் புழு கொட்டாது என்றாலும், அடர்ந்த மயிரோ கிளைத்த முட்களோ கொண்ட எந்தப் புழுவையும் பெயர் தெரியும்வரை வெறுங்கையால் தொடக் கூடாது. மயிர் தோலில் குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்துச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலோ மூச்சுத்திணறல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

புழு எந்தச் செடியில் இருந்தது என்பதே பொதுவாக முதல் தடயம். தரையில் அலையும் புழுவுக்கு அது கிடைக்காது என்பதால், அருகில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்ததா என்று பாருங்கள். முழு உறுதி வேண்டுமென்றால், அடுத்தமுறை இத்தகைய புழுவைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் தளர்ந்த மண்ணும் உலர்ந்த இலைகளும் இட்டு நிழலில் வைக்கலாம். அலையும் கட்டத்தில் அது உண்பதை நிறுத்திவிடுவதால் இலை தேவையில்லை. வெளிவரும் அந்துப்பூச்சி தொங்கி இறகு விரிக்க வசதியாகச் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.