ஸ்காலரில் 14, ஸ்கோப்பஸில் 9: எதைத் தருவது?

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தேடும் தளங்களான கூகுள் ஸ்காலரில் உங்கள் எச்-இன்டெக்ஸ் 14, ஸ்கோப்பஸில் 9; உயிரியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு எதைத் தருவது என்று கேட்டிருந்தீர்கள். (எச்-இன்டெக்ஸ் 14 என்றால், குறைந்தது 14 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 14 இருக்கின்றன என்று பொருள்.) இரண்டுமே பொய்யில்லை. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை எண்ணும்; ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளோடு நின்றுவிடும். எண்ணோடு தளத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

ஆனால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். நமக்கு இதுதான் பெரிய தலைவலி. ஒரு கட்டுரையில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் ஸ்கோப்பஸ் உங்களை இரண்டு ஆளாகப் பிரித்திருக்கலாம். இணைக்கச் சொல்லி அங்கேயே கேட்கலாம், கட்டணமில்லை. ஸ்காலரில் நேர்மாறாக, அதே பெயருள்ள வேறொருவர் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருக்கலாம். இருந்தால் நேர்காணலுக்கு முன்பே நீக்கிவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனி அடையாளமாக இருக்கும் 16 இலக்க ஆர்சிட் (ORCID) எண் ஒன்று எடுத்து, இனி அனுப்பும் எல்லாக் கட்டுரையிலும் கொடுங்கள்.