கேட்டீங்க, சொல்றேன்: கேக் பெட்டிக்குள்ள ஒரு தலை

போன இதழ்ல உளவாளிகள் பத்தி வந்த ஒரு கேள்விக்கு நாலே வரியில பதில் சொல்லி தப்பிச்சிட்டேன், அதுக்கு வந்த திட்டு லெட்டரே ஒரு கட்டு இருக்கு. சரி, இந்த தடவை முழுக்க அதே மேட்டர்தான்.

நிஜ ஸ்பைகளும் சினிமா மாதிரி துப்பாக்கி, கார் சேஸ்னுதான் இருப்பாங்களா? (ஒரு வாசகர், தேனி)

கார் உண்டு, சேஸ் கிடையாது. சொல்லப்போனா பின்னாடி வர்றவனுக்கு சந்தேகமே வராத மாதிரி மெதுவா ஓட்டறதுலதான் திறமையே இருக்கு. 1982 டிசம்பர், மாஸ்கோ. ரெண்டு சிஐஏ ஆளுங்க பொண்டாட்டிகளோட ஒரே கார்ல பார்ட்டிக்கு போற மாதிரி கிளம்பறாங்க, கையில பெரிய பர்த்டே கேக் பெட்டி வேற. வழக்கம்போல பின்னாடி சோவியத் உளவுத்துறையான கேஜிபியோட கார். ஒரு தெரு முனையில திரும்பறப்போ பின்னாடி வண்டிக்கு இவங்க தெரியாத அந்த சில செகண்ட்ல, முன் சீட்டுல இருந்த பில் ப்ளங்கர்ட் கதவைத் திறந்து இறங்கிடறார். பின் சீட்டுல இருந்த அவர் மனைவி கேக் பெட்டியை அவர் இடத்துல வெச்சதும், பெட்டிக்குள்ள இருந்து ஒரு பொம்மை ஆள் படக்குனு எழுந்து நிக்குது. கேஜிபி வண்டி திரும்பி வந்து பார்த்தா காருக்குள்ள அதே நாலு தலை. அவங்க பொம்மை பின்னாடியே போக, இவர் சாதாரண ரஷ்யக்காரர் மாதிரி ட்ரெஸ்ல வேற பக்கம் நடையைக் கட்டிட்டார். துப்பாக்கிக்கு அங்க என்ன வேலை?

சொந்த நாட்டையே காட்டிக் கொடுக்கறவன் காசுக்காகத்தானே செய்யறான்? (ஒரு வாசகி, கும்பகோணம்)

அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். மேல சொன்ன ப்ளங்கர்ட் அன்னிக்கு பார்க்கப் போனது அடால்ஃப் தோல்கச்சேவ்ங்கற ஆளை, போர் விமானத்துக்கு ரேடார் டிசைன் பண்ற இடத்துல இஞ்சினியர். 1977 ஜனவரியில மாஸ்கோ பெட்ரோல் பங்க் ஒண்ணுல அவரா ஒரு அமெரிக்கர்கிட்ட வந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அந்த அமெரிக்கர் மாஸ்கோ சிஐஏவோட தலைமை ஆள்ங்கறதுதான் அதிர்ஷ்டம். ஆனா சிஐஏ மேலிடம் நம்பல, இது கேஜிபி வெக்கற பொறியா இருக்கும்னு திரும்பத் திரும்ப தட்டிக் கழிச்சாங்க. மனுஷன் விடல, ஒரு வருஷத்துக்கு மேல விடாம துரத்தினார். காட்டிக் கொடுக்கறதுக்கும் இப்படி க்யூவுல நிக்கணும் போல.

அப்புறம் ஆரம்பிச்சது அந்த மதிய சாப்பாட்டு வேளை வேலை. ஆபீஸ்ல ரகசிய ஃபைலை எடுத்து கோட்டுக்குள்ள வெச்சு வீட்டுக்கு வருவார், நாற்காலி முதுகுல கிளாம்ப் போட்டு மாட்டின பென்டாக்ஸ் கேமராவுல பக்கம் பக்கமா போட்டோ எடுப்பார், லஞ்ச் டைம் முடியறதுக்குள்ள ஃபைல் பழைய இடத்துக்குப் போயிடும். காசும் கேட்டார்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா அதோட கேட்டது என்ன தெரியுமா? பையனுக்கு ராக் மியூசிக் பாட்டு, படம் வரையற பேனா, தனக்கு மாட்டினா முழுங்க ஒரு விஷ மாத்திரை. அவர் மனைவியோட அம்மாவை ஸ்டாலின் காலத்துல, 1938ல, சுட்டுக் கொன்னுட்டாங்க, அப்பாவை முகாமுக்கு அனுப்பிட்டாங்க. அந்தக் கோபம் நாப்பது வருஷம் அந்த வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு.

அவர் மாட்டினது அவர் தப்பால இல்லீங்க. எட்வர்ட் லீ ஹோவர்ட்னு ஒருத்தனை சிஐஏவே மாஸ்கோ போஸ்டிங்குக்கு ட்ரெயினிங் கொடுத்து, எல்லா ரகசியமும் சொல்லிக் கொடுத்து, கடைசி நேரத்துல பொய் கண்டுபிடிக்கற டெஸ்ட்ல தேறலைனு 1983ல வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. அந்தக் கடுப்புல அவன் சோவியத் பக்கம் போய் எல்லாத்தையும் கொட்டிட்டான். 1985 ஜூன்ல தோல்கச்சேவ் கைது, அடுத்த வருஷம் மரண தண்டனை. ஹோவர்டை எஃப்பிஐ சுத்தி வளைச்சப்போ எப்படி தப்பிச்சான்னு நினைக்கறீங்க? பொண்டாட்டி காரை ஓட்ட, ஒரு திருப்பத்துல குதிச்சு, சீட்டுல விக் வெச்ச பொம்மையை உட்கார வெச்சிட்டு! சிஐஏ கத்துக் கொடுத்த வித்தைதான்.

சுத்தமா காசுக்காக செஞ்சவன் வேணும்னா ஆல்ட்ரிச் ஏம்ஸ் இருக்கான். சிஐஏகாரன், 1985 ஏப்ரல்ல வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள்ள நேரா நடந்து போனான், முதல் பேமெண்ட் 50,000 டாலர். அப்புறம் 5,40,000 டாலருக்கு முழுப் பணமும் ரொக்கமா கொடுத்து வீடு வாங்கறான், ஜாகுவார் கார்ல ஆபீஸ் வர்றான், கேட்டா பொண்டாட்டி வீட்டு சொத்துங்கறான். ஆபீஸும் நம்பிச்சு. 1994 வரைக்கும் பிடிபடல, அதுக்குள்ள அவன் பேர் கொடுத்த பத்து பேராவது செத்தாங்க. மாமனார் வீட்டு சொத்துன்னா உலகமே வாயை மூடிக்கும்னு இதைப் படிச்சப்போதான் புரிஞ்சது.

பேட்டரியே இல்லாம ஒட்டுக் கேட்கற கருவி உண்டுன்னு என் நண்பன் சொல்றான், ரீல்தானே? (கல்லூரி மாணவர், நாமக்கல்)

ரீல் இல்ல தம்பி. 1945 ஆகஸ்ட்ல சோவியத் பள்ளிக்கூடப் பசங்க அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்துல செதுக்கின அமெரிக்க முத்திரையைப் பரிசா கொடுத்தாங்க, கழுகு எல்லாம் போட்டு அம்சமா இருக்கும். பசங்க கொடுத்ததாச்சேன்னு வீட்டுப் படிப்பறையில மாட்டிட்டார். உள்ள ஒரு சின்ன உலோக டப்பா, அதுக்கு மெல்லிசா ஒரு மூடி, கூடவே ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். எவர்சில்வர் தட்டுல வெயில் பட்டு சுவத்துல விழுற வெளிச்சத்தைப் பார்த்திருப்பீங்க, தட்டு லேசா அசைஞ்சாலும் வெளிச்சம் ஆடும் இல்லையா, அதே கதைதான். வெளியில இருந்து ரேடியோ அலையை அடிப்பாங்க, உள்ள பேசற பேச்சுல மூடி அதிரும், திரும்பி வர்ற அலை அந்த அதிர்வோட வரும். வெளிய அலையை நிறுத்திட்டா அது வெறும் மரக்கட்டை, ரேடியோ அலையைத் தேடற சோதனையில சிக்காது. 1952லதான் கண்டுபிடிச்சாங்க, ஏழு வருஷம்! செஞ்சது லியோன் தெரமின், கை படாமலே வாசிக்கற இசைக்கருவியைக் கண்டுபிடிச்ச அதே ஆள்.

நாடுகள்கிட்ட சாட்டிலைட் இருக்கு, ஆயுதக் குழுக்கள் எப்படி உளவு பார்க்கறாங்க? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

எதிராளியோட அலட்சியத்தை வெச்சுத்தான். ஈராக்ல அமெரிக்க ட்ரோன் அனுப்பற வீடியோவை அங்க இருந்த போராளிக் குழுக்கள் 26 டாலர் சாஃப்ட்வேர் வெச்சு பார்த்துட்டு இருந்தது 2009ல வெளிய வந்தது. ட்ரோன் விலை கோடிக்கணக்குல, வீடியோவுக்கு பூட்டு போடல. அதுக்கும் முன்னாடி 1997ல லெபனான்ல அன்சாரியா பக்கத்துல ஹிஸ்புல்லா பதுங்கித் தாக்கினதுல 12 இஸ்ரேல் வீரர்கள் செத்தாங்க, இஸ்ரேல் ட்ரோனோட வீடியோவை இடைமறிச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிச்சோம்னு 2010ல ஹிஸ்புல்லாவோட அப்போதைய தலைவர் நஸ்ரல்லாவே சொன்னார். ரெண்டு சம்பவத்துக்கும் நடுவுல பன்னெண்டு வருஷம், அப்பவும் அமெரிக்கா பூட்டு வாங்கல.

உளவாளியோட குழந்தைகளுக்கு அப்பா அம்மா யாருன்னு தெரியுமா? (ஒரு வாசகி, சேலம்)

ஸ்லோவேனியாவுல அர்ஜென்டினாக்காரங்கன்னு சொல்லி ஒரு ஜோடி இருந்தாங்க, அவர் ஐடி கம்பெனி, அந்தம்மா ஆர்ட் கேலரி, ரெண்டு பிள்ளைங்க. வீட்டுல பேச்செல்லாம் ஸ்பானிஷ். 2022 டிசம்பர்ல கைதாகி, 2024 ஆகஸ்ட்ல கைதிகள் பரிமாற்றத்துல நாலு பேரும் மாஸ்கோ போனாங்க. தாங்க ரஷ்யர்கள்ங்கறதே பிள்ளைங்களுக்கு பரிமாற்றம் நடந்த துருக்கி அங்காராவுல இருந்து விமானம் கிளம்பினப்புறம்தான் தெரியும்னு ரஷ்ய அரசே சொன்னது. ஏர்போர்ட்ல புடின் பூங்கொத்தோட நின்னு ஸ்பானிஷ்ல குட் ஈவினிங் சொன்னார். நம்மளை வரவேற்றாரே, அவர் யாருன்னு பிள்ளைங்க அப்பா அம்மாகிட்ட கேட்டிருக்காங்க.