பழைய பொம்மைப் படங்களில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது?

கணினி வருவதற்கு முந்தைய பொம்மைப் படங்களில், அதாவது நிஜப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களில், ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை: அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் யிர்ஜி த்ரன்கா 1965இல் எடுத்த ‘கை’. பதினெட்டு நிமிடம்தான். வசனமே கிடையாது என்பதால் மொழி தெரியாத கவலையும் இல்லை.

த்ரன்கா 1912இல் பில்சன் நகரில் பிறந்தவர். பள்ளியில் அவருக்கு ஓவியம் கற்பித்த யோசெஃப் ஸ்குபா, செக் பொம்மலாட்டத்தின் பெரிய ஆளுமை. போர் முடிந்த 1945இல் பிராக் நகரில் நண்பர்களோடு படத் தயாரிப்பு நிலையம் அமைத்துக் கார்ட்டூன் படங்களைத்தான் முதலில் எடுத்தார். மறு ஆண்டே பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் பரிசும் வந்தது. ஆனால் தாம் வரைந்த கோடு பலர் கைபட்டுத் திரைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பொம்மைக்கு மாறினார். ஆண்டர்சன் கதையிலிருந்து எடுத்த ‘சக்கரவர்த்தியின் நைட்டிங்கேல்’, 1959இல் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ என்று முழுநீளப் படங்கள் வந்தன.

கிழக்கு ஐரோப்பாவின் டிஸ்னி என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. டிஸ்னியின் பாத்திரங்களுக்கு முகம் ஒரு கணமும் சும்மா இருக்காது. த்ரன்காவின் பொம்மைகளுக்கோ புருவம் உயராது, உதடு பிரியாது. கண்களை எந்த உணர்ச்சியையும் உறுதியாகச் சொல்லாத பார்வையோடு தீட்டுவார். தலை கொஞ்சம் சாயும், விளக்கொளி பக்கம் மாறும். அவ்வளவில் அதே முகம் சிரிக்கும், அதே முகம் கலங்கும். அவருடன் வேலை செய்த பிரெட்டிஸ்லாவ் போயார் இதை விவரித்திருக்கிறார். படம் பார்க்கும்போது நீங்களே சோதித்துப் பாருங்கள்: எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் ஒன்றுதான்.

இனி ‘கை’யின் கதையைச் சொல்லப்போகிறேன். படத்தை முதலில் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த பத்தியைத் தவிர்த்துவிடலாம்.

ஓர் அறையில் ஒரு குயவன். தன் செடிக்கு ஒரு தொட்டி செய்ய வேண்டும், அவன் ஆசை அவ்வளவுதான். கையுறை அணிந்த பிரம்மாண்டமான கை ஒன்று உள்ளே வருகிறது. அது பொம்மையன்று, உண்மையான மனிதக் கை. தொட்டியை விட்டுவிட்டு என் சிலையைச் செய் என்கிறது. மறுக்கிறான். தொலைபேசியில் வருகிறது, தொலைக்காட்சியில் வருகிறது, மயக்கிப் பார்க்கிறது, கடைசியில் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கைகால்களில் நூல் கட்டுகிறது. நான் உறைந்துபோன இடம் இதுதான். த்ரன்காவின் பொம்மைகளுக்கு நூலே கிடையாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் இம்மியளவு நகர்த்திப் படமெடுத்து அவற்றைத் தாமாக நடக்க வைத்தவர் அவர். அப்படிச் சுதந்திரமாக உலவிய உருவத்தின்மேல் நூல் ஏறும்போது, பொம்மை முதன்முறையாகப் பொம்மையாகிறது. பதக்கம் குத்தப்பட்ட குயவன் மெழுகுவர்த்தியில் நூலை எரித்துத் தப்பி, வீட்டுக் கதவை அடைத்துக்கொள்கிறான். தன் தொட்டியே தலையில் விழுந்து சாகிறான். அவனுக்குச் சகல மரியாதைகளுடன் இறுதிச் சடங்கு நடத்துகிறது அந்தக் கை.

கலைஞனை ஆட்டிப்படைக்கும் அரசுதான் அந்தக் கை. அதைச் சொல்லும் இந்தப் படத்தை எடுத்ததோ அரசின் படத் தயாரிப்பு நிலையத்தில், அரசுப் பணத்தில். துணிச்சல் என்ற சொல்லை இதற்குத் தயங்காமல் பயன்படுத்துவேன். த்ரன்கா 1969 டிசம்பரில் இறந்தபோது அவருக்கும் அரசு மரியாதை கிடைத்தது. சில மாதங்களில் படத்தைத் தடைசெய்து பிரதிகளை முடக்கினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அந்த நாட்டில் திரையேறவில்லை.

‘கை’ பிடித்துப்போனால் அடுத்து ‘நடுவேனிற் கனவு’ பாருங்கள். அதை மட்டும் கைபேசியில் பார்க்காதீர்கள்; அகன்ற திரைக்காகவே எடுத்த படம், ஒவ்வொரு மூலையிலும் பூவும் துணியும் உயிரோடு அசைந்துகொண்டிருக்கும். வாட்ஸ்லாவ் த்ரோயானின் இசைக்காகவும் நல்ல ஒலிபெருக்கி வேண்டும்.