மரு எரிக்கும் அறையில் புகை: தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: கழுத்தில் நிறையப் பாலுண்ணிகள் இருக்கின்றன, டாக்டர். காட்டரியில் (சூட்டால் சுட்டெடுக்கும் கருவி) எடுத்தால் தழும்பு விழும், லேசர்தான் நல்லது என்கிறார்களே?

பதில்: கழுத்துப் பாலுண்ணிக்கு லேசர் ஆடம்பரம். காம்பு மெலிந்திருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கி, ரத்தம் கசியும் இடத்தை ரேடியோ அலைக் கருவியின் முனையால் தொட்டாலே போதும். தழும்பைத் தீர்மானிப்பது கருவியின் விலையன்று, எவ்வளவு ஆழம் சுடுகிறோம் என்பதுதான். நம் நிறத்துத் தோலில் சற்றே அதிகமாகச் சுட்டாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். கழுத்து மடிப்பு கறுத்துத் தடித்தும் இருந்தால் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மச்சம் எடுக்கும் பேனா இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சந்தேகத்துக்குரிய மச்சத்தை வெட்டி எடுத்தால் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். எரித்துவிட்டால் அனுப்ப எதுவும் மிஞ்சாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம்மிடையே அரிது. வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் கவனிக்காத இடங்களில் வருகிறது. உள்ளங்காலில் பரவும் கரும்புள்ளியைக் கால் ஆணி என்று நினைத்துச் சுட்டுக்கொள்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி: நான் கிளினிக்கில் செவிலியர். மரு எரிக்கும் நாள்களில் அந்த வாடையால் தலைவலிக்கிறது. சர்ஜிக்கல் மாஸ்க் போட்டிருக்கிறேன், போதாதா?

பதில்: போதாது, சகோதரி. அந்தப் புகையில் சுமார் 95 சதவீதம் நீராவிதான். மீதி 5 சதவீதத்தில்தான் வம்பு: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு, கருகிய திசுத் துகள்கள். காட்டரிப் புகையின் துகள் சராசரியாக 0.07 மைக்ரான். சாதாரண மாஸ்க் நம்பகமாகத் தடுப்பதோ 5 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை. என்95 அணிவது நல்லது, ஆனால் வாயுக்கள் அதையும் கடந்துவிடும்.

மருவில் இன்னொரு சிக்கல், அது வைரஸ் கட்டி. கார்பன் டை ஆக்சைடு லேசர் புகையில் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் டி.என்.ஏ. இருப்பதை 1988இலேயே காட்டிவிட்டார்கள். 1991இல் நார்வேயிலிருந்து ஒரு அறிக்கை வந்தது: பிறப்புறுப்பு மருக்களுக்கு லேசர் சிகிச்சை அளித்துவந்த அறுவை மருத்துவர் ஒருவரின் குரல்வளையில், அதே மருக்களில் காணப்படும் வைரஸ் வகைகளால் கட்டிகள். ஒருவருக்கு வந்ததை வைத்து முடிவாக எதையும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் புகை உறிஞ்சி கேட்க இது போதிய காரணம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018இல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

கேள்வி: புதிதாக கிளினிக் தொடங்குகிறேன். சுவர் சக்‌ஷன் இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கிறது. தனியாகப் புகை உறிஞ்சி எதற்கு?

பதில்: சுவர் சக்‌ஷன் ரத்தத்தையும் நீரையும் இழுக்க அமைந்தது, காற்றை இழுக்கும் அளவு மிகக் குறைவு. நடுவே வடிகட்டி பொருத்தாமல் புகையை இழுத்தால் குழாயும் கெடும். எக்ஸாஸ்ட் ஃபேனோ புகையை உங்கள் மூக்கைத் தாண்டித்தான் இழுத்துச் செல்லும்.

வாங்கும்போது அல்பா (ULPA) வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 0.12 மைக்ரான் துகளில் 99.999 சதவீதத்தைப் பிடிப்பது அது. வாயுவுக்கும் வாடைக்கும் கரி அடுக்கு வேண்டும். கடையிலேயே ஓடவிட்டு இரைச்சலைக் கேளுங்கள். இரைகிறது என்று அணைத்துவைத்த கருவிகள் ஏராளம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, குழாய் முனை எங்கே இருக்கிறது என்பது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் சொல்வது 5 செ.மீ.க்குள். அந்த இடைவெளியே அதிகம் என்பேன். சிகிச்சை இடத்திலிருந்து 1 செ.மீ.யில் பிடித்தால் ஏறத்தாழ முழுப் புகையும் உள்ளே போகிறது, 2 செ.மீ.க்கு விலகினால் பாதிதான் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். விலை உயர்ந்த கருவியை மூலையில் நிறுத்தி, முனையை ஒரு சாண் தள்ளித் தொங்கவிடும் கிளினிக்குகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உதவியாளரின் கையில் கொடுங்கள், அல்லது காட்டரிப் பேனாவோடு சேர்ந்த குழாயை வாங்குங்கள். சுட்டு முடித்த பிறகும் சில விநாடிகள் ஓடட்டும். பழைய வடிகட்டியைக் கையுறையோடு எடுத்து மருத்துவக் கழிவில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்பிரிட் தடவியதும் காட்டரி வைக்கலாமா?

பதில்: கூடாது, தீப்பிடிக்கும். முற்றிலும் காயவிடுங்கள், அல்லது நீரில் கரைத்த பொவிடோன் அயோடின் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது. விரலில் மரு. எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் பேஸ்மேக்கர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடல் வழியாக மின்சாரம் ஓடும் மோனோபோலார் கருவி பேஸ்மேக்கரைக் குழப்பக்கூடும். இரு முனைகளுக்கு இடையே மட்டும் மின்சாரம் ஓடும் பைபோலார், அல்லது கம்பியைச் சூடாக்கிச் சுடும் காட்டரி பொருத்தமானது. விரல் மருவுக்கு நான் முதலில் எடுப்பது மருவை உறையவைக்கும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்: மின்சாரமும் இல்லை, புகையும் இல்லை. சில வார இடைவெளியில் மறுபடி வரச் சொல்வார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் புண் ஆறுவதையும் கவனியுங்கள்.