மெக்கரை நம்புவதா, மல்டிமீட்டரை நம்புவதா?

கேள்வி: எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் மழைக்காலத்தில் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. கைப்பிடியைச் சுழற்றும் பழைய மெக்கரால் (மின்காப்பின், அதாவது இன்சுலேஷனின் தடையை அளக்கும் கருவி) சோதித்த எலக்ட்ரீஷியன், காப்பின் தடை இரண்டு மெகா ஓம் என்கிறார். என் மகனின் டிஜிட்டல் மல்டிமீட்டரோ கசிவே இல்லை என்று காட்டுகிறது. எது சரி?
– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: எலக்ட்ரீஷியன் சொல்வதே சரி. மல்டிமீட்டர் சில வோல்ட்டை மட்டுமே செலுத்துவதால், ஈரம் ஏறிய காப்பின் பலவீனம் அதில் வெளிப்படாமல் போகலாம்; மெக்கர் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை (DC) செலுத்தி அளக்கிறது. கைப்பிடியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சுற்று என்ற சீரான வேகத்தில் சுழற்றி, ஒரு நிமிடம் கழித்து முள் நிற்கும் இடத்தைப் படிக்க வேண்டும். வேகம் தளர்ந்தால் முள்ளும் தள்ளாடும். பேட்டரியில் இயங்கும் மின்னணுக் கருவி அழுத்தத்தைத் தானே நிலையாக வைத்துக்கொள்வதால், பத்தாம் நிமிட அளவை முதல் நிமிட அளவோடு ஒப்பிடும் சோதனைக்கு அதுவே வசதி. பத்து நிமிடம் கையால் சுற்றச் சொன்னால் எந்த எலக்ட்ரீஷியனும் மறுநாள் வரமாட்டார்!

ஒரு மெகா ஓமைக் கீழ் எல்லையாகக் கொள்ளும் வழக்கப்படி இரண்டு தேறும் என்றாலும், கோடையில் ஐம்பது காட்டிய மோட்டார் இன்று இரண்டு காட்டினால் அதன் கம்பிச் சுருளில் ஈரம் இறங்கியிருக்கிறது என்றே ஐயப்பட வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்து நீர்த்துளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுருளை மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, மின்னணுப் பலகைகளைக் கழற்றிவிட வேண்டும். முடிந்ததும் சுருளில் தங்கிய மின்னூட்டத்தை இறக்காமல் முனைகளைத் தொடக் கூடாது.