உலகத்தில் வன்முறை கூடுகிறதா, குறைகிறதா? எண்களைப் படிப்பது எப்படி: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): சார், டிவியைப் போட்டால் உக்ரைன், காசா, சூடான். இன்னொரு பக்கம், மனித வரலாற்றிலேயே இதுதான் அமைதியான காலம் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு தரப்பும் வேறு வேறு எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறது. ஒரு மனிதர் போரில் சாகும் வாய்ப்பு, கொரியப் போர் நடந்த 1950-களின் தொடக்கத்தில் இருந்ததைவிட இன்று பல மடங்கு குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் நடக்கும் மோதல்களின் எண்ணிக்கை 1946-க்குப் பிறகு 2024-ல்தான் உச்சத்தைத் தொட்டது. ஒரு தரப்பிலாவது அரசு இருக்கும் மோதல்களை மட்டும் எடுத்தாலே 2024-ல் 36 நாடுகளில் 61. அவற்றில் 11 முழுப் போர்.

பனிப்போர் முடிந்தபின் 2000-களின் நடுப்பகுதி வரை போர்ச்சாவு மொத்தத்தில் இறங்கிக்கொண்டுதான் வந்தது. சிரியாவில் போர் வெடித்ததும் மறுபடி ஏறியது. 2022-ல் எத்தியோப்பியாவின் திக்ரே, உக்ரைன் இரண்டும் சேர்ந்து அந்த ஆண்டின் சாவுக் கணக்கை 2 லட்சத்துக்கு மேல் கொண்டுபோய்விட்டன. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு அவ்வளவு பேர் செத்த ஆண்டு வேறில்லை. ஆகவே “வன்முறை குறைந்துகொண்டே வருகிறது” என்பது 2005-ல் பொருந்திய வாக்கியம். இன்றைக்குப் பொருந்தாது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): எது சண்டை, எது போர் என்று யார் முடிவு செய்கிறார்கள்? ப்ராஜெக்ட்டுக்குத் தரவு எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உலகம் அதிகம் பயன்படுத்துவது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் நடத்தும் மோதல் தரவுத் திட்டம். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஓர் ஆண்டில் 25 பேராவது செத்தால் அது மோதல். போர்க்களச் சாவு 1,000 ஆனால் போர்.

அதில் மூன்று பெட்டி உண்டு. அரசு ஒரு தரப்பாக இருக்கும் மோதல் ஒன்று. அரசு இல்லாமல் இரண்டு குழுக்கள் அடித்துக்கொள்வது இரண்டாவது. மெக்சிகோவின் போதைக் கும்பல்கள் இதில் வரும். ஆயுதம் ஏந்தியவர்கள் நிராயுதபாணிகளைக் கொல்வது மூன்றாவது. பெரிய தவறு நடப்பது இங்கேதான். “போர்க்களச் சாவு” என்ற வரைபடத்தை மட்டும் பார்த்தால் முதல் பெட்டிதான் தெரியும். 1994-ல் ருவாண்டாவில் ஏறக்குறைய நூறு நாளில் 5 முதல் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அது மூன்றாவது பெட்டி. முதல் வரைபடத்தில் அந்த ஆண்டு சாதாரண ஆண்டைப் போலக் கிடக்கும்.

அடுத்த பொறி: முதல் பெட்டிக்கு 1946 முதல் கணக்கு இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் 1989 முதல்தான். மூன்றையும் கூட்டி ஒரே கோடாகப் போட்டால் 1989-ல் பொய்யாக ஒரு ஏற்றம் வரும்.

நிகழ்வு வாரியான கோப்பைத் திறந்து ஒரு வரியைப் பாருங்கள். தேதி, இடம், இடத்தின் துல்லியத்துக்கு ஒரு குறியீடு, முதல் தரப்பில் செத்தவர்கள், இரண்டாம் தரப்பில் செத்தவர்கள், பொதுமக்கள், அடையாளம் தெரியாதவர்கள். கடைசியில் குறைந்த மதிப்பு, சிறந்த மதிப்பு, அதிக மதிப்பு என்று மூன்று எண். எல்லோரும் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு நாட்டில் குறைந்த மதிப்புக்கும் அதிக மதிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அங்கே பத்திரிகையாளர்கள் போக முடியவில்லை என்று சந்தேகப்படுங்கள். மூன்று எண்ணையும் ப்ராஜெக்ட்டில் போடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, 2009 வன்னிச் சாவுகளுக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கினம். உண்மைக் கணக்கு எது?

பதில்: ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால்தான் அவற்றை எடைபோட முடியும். 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் ஒவ்வொரு சம்பவமாக உறுதிசெய்து பதிந்தது: 7,721 பேர் சாவு. உறுதி செய்ய முடியாதவை அதில் சேரவில்லை. கடைசி நாட்களும் அதில் இல்லை. ஆகவே அது அடிமட்ட எண். ஐ.நா. தலைமைச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல், 40,000 வரை பொதுமக்கள் செத்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது வேறு வகைக் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் அரச அலுவலகப் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அது சாவு எண் என்று அவர் சொல்லவில்லை, கணக்கில் வராதவர்களின் எண் என்றார். அதைச் “செத்தவர்கள்” என்று மாற்றி எழுதுவதும் பிழை, “மிகைப்படுத்தல்” என்று ஒதுக்குவதும் பிழை. பெயர் பெயராக, குடும்பம் குடும்பமாக எடுக்கும் பதிவு ஒன்றுதான் அந்த இடைவெளியை அடைக்கும். அது இன்றுவரை முழுமையாக நடக்காதது பெரிய அநீதி. உலகக் கோப்புகளில் வன்னி எவ்வளவு சிறிதாகத் தெரிகிறதோ, அதே அளவுக்கு வேறு எத்தனை இடங்கள் சிறிதாகத் தெரிகின்றன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (பெங்களூரு): செய்தியை எண்ணாமல் வீடு வீடாக சர்வே எடுத்தால் இந்தச் சிக்கல் தீராதா?

பதில்: பாதி தீரும், புதிதாக ஒன்று முளைக்கும். 2003 மார்ச்சில் தொடங்கிய ஈராக் போருக்கு இரண்டு சர்வேகள் உண்டு, இரண்டுமே 2006 ஜூன் வரையான வன்முறைச் சாவைச் சொல்பவை. ஒன்று 47 இடங்களில் 1,849 வீடுகளில் எடுத்தது. சுமார் 6 லட்சம் சாவு என்றது. இன்னொன்று 9,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் எடுத்தது, 1,51,000 என்றது. முதல் சர்வேயில் அந்தக் காலத்தில் பதிவான வன்முறைச் சாவு 300 அளவில்தான். நாடு முழுமைக்கும் பெருக்கும்போது ஒவ்வொரு சாவும் சுமார் 2,000 ஆகிறது. பத்து வீடு தப்பாகத் தேர்வானாலே மொத்தம் எங்கோ போய்விடும். குண்டு வெடிக்கும் மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களே அதிகம் தேர்வாகிவிட்டன என்ற விமர்சனம் எழுந்தது. சர்வே முடிவைப் பார்த்தால் முதலில் எத்தனை இடம், எத்தனை வீடு என்று கேளுங்கள். வீட்டின் எண்ணிக்கையைவிட இடங்களின் எண்ணிக்கை முக்கியம்.

கேள்வி (சேலம்): மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் எந்தப் படுகொலையும் சின்னதாகிவிடுமே. அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு கணக்கும் வேண்டும். 2024-ல் போர்க்களச் சாவு ஏறக்குறைய 1,29,000. 810 கோடிப் பேரால் வகுத்தால் லட்சத்துக்கு 1.6. இரண்டாம் உலகப் போரில் 7 முதல் 8.5 கோடிப் பேர் செத்தார்கள். அன்றைய உலக மக்கள்தொகை சுமார் 230 கோடி. நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். “எனக்கு ஆபத்து எவ்வளவு” என்று கேட்டால் விகிதம். “எத்தனை வீட்டில் இழவு விழுந்தது” என்று கேட்டால் முழு எண். விகிதத்தை மட்டும் காட்டி, துயரம் குறைந்துவிட்டது என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயிரோடு இருந்தும் வீடு இழந்தவர்கள் இந்த இரண்டிலுமே வரமாட்டார்கள். 2024 முடிவில் அப்படி விரட்டப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம். பத்தாண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

கேள்வி (முன்னாள் ராணுவ வீரர், வேலூர்): சாவு குறைந்ததற்குக் காரணம் சண்டை குறைந்ததா, ஆஸ்பத்திரி நன்றாக இருப்பதா?

பதில்: இந்தத் துறையில் கேட்கவேண்டிய மிக நல்ல கேள்விகளில் ஒன்று. பழைய போர்களில் ஒருவர் செத்தால் மூன்று பேர் காயம் என்பது தோராய விகிதம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைக்கு அது ஏழுக்கும் மேல் போனது. ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டை, மார்புக் கவசம், ஹெலிகாப்டரில் உடனே தூக்கிச் செல்வது எல்லாம் சேர்ந்த பலன். அதே அடிக்கு முன்பு செத்திருப்பவர் இன்று கால் இல்லாமல் பிழைக்கிறார். சாவை மட்டும் எண்ணினால் அமைதி கூடியதுபோலத் தோன்றும். 25, 1,000 என்ற வரம்புகளும் மாறாமல் இருப்பதால், இன்று 900 பேர் சாகும் சண்டை அன்றைய போரின் அளவு தீவிரமானதாகவே இருக்கலாம். வசதி இல்லாத படைகளுக்கும் பொதுமக்களுக்கும் இந்த மருத்துவப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை.

கேள்வி (சென்னை): எப்படிப் பார்த்தாலும் 80 வருஷமாக உலகப் போர் இல்லையே. மனித இனம் பாடம் கற்றுவிட்டது என்று சொல்லக் கூடாதா?

பதில்: சொல்ல ஆசைதான். கணக்கு இன்னும் அனுமதிக்கவில்லை.

வானிலைக் கணிப்புக்குக் கணித முறை வகுத்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். போர்களை நிலநடுக்கத்தைப்போல அளவிட்டார்: ஆயிரம் பேர் செத்தால் அளவு 3, லட்சம் என்றால் 5, கோடி என்றால் 7. அளவு ஏற ஏறப் போர் அரிதாகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. தொடங்கும் ஆண்டுகளோ எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடந்தன. கணினி அறிவியலாளர் ஆரன் கிளாசெட் 2018-ல் இதையே மறுபடி சோதித்தார். 1823 முதல் 2003 வரை நாடுகளுக்கிடையே நடந்த 95 போர்கள். 1945-க்குப் பிந்தைய அமைதி, இதே பழைய ஒழுங்கில் தற்செயலாகவே வரக்கூடிய நீளம்தான். போக்கு உண்மையிலேயே மாறிவிட்டது என்று புள்ளியியல்படி சொல்ல இன்னும் 100 முதல் 140 ஆண்டு இப்படியே போகவேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை வரை நாகப்பட்டினக் கரையில் இருந்தவர்களுக்கும் கடல் அமைதியான கடல்தான்.

அணுகுண்டு 1986-ல் ஏறக்குறைய 70,000 இருந்தது, 2025 தொடக்கத்தில் 12,241. நல்ல குறைவு. ஆனால் இருப்பது போதும், அளவு 7-ஐத் தாண்டிப் போக.

கேள்வி (கோயம்புத்தூர்): போர் இருக்கட்டும். சாதாரணக் கொலை கூடியிருக்கிறதா?

பதில்: கூடவில்லை. உலகத்தில் போரைவிடக் கொலையில் சாகிறவர்கள்தான் பெரும்பாலான ஆண்டுகளில் அதிகம். 2021-ல் 4,58,000 பேர், லட்சத்துக்கு 5.8. இந்தியாவில் 1992-ல் லட்சத்துக்கு 4.6 ஆக இருந்தது, 2022-ல் 2.1, வழக்கு எண்ணிக்கை 28,522. செல்போனில் ஒவ்வொரு வெட்டுக்குத்தும் வீடியோவாக வருவதால் மனசுக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் வரதட்சணைச் சாவு தனித் தலைப்பு. ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேல். “கொலை” என்ற வரியில் அது வராது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நம் நாட்டுப் பெண்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசவே கூடாது.

கேள்வி (மதுரை): மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் ஒரே அடியாகக் கொலையை ஒழித்துவிட்டதாமே?

பதில்: 2015-ல் லட்சத்துக்கு 100-ஐத் தாண்டிய விகிதம் இன்று அரசுக் கணக்கில் மிகச் சிறியது. சரிவு உண்மை. கும்பல்களை ஒடுக்க அரசு அறிவித்த 2022 மார்ச் அவசரநிலைக்கு முன்பே அது பாதிக்கு மேல் இறங்கியிருந்தது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போலீஸ் சுட்டுச் செத்தவர்களை அந்த அரசு இந்த எண்ணில் சேர்ப்பதில்லை. 70,000-க்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

கேள்வி (ஆசிரியர், தஞ்சாவூர்): பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட ஒரே ஒரு வரைபடம் என்றால் எதைப் போடலாம் சார்?

பதில்: உப்சாலா கோப்பிலிருந்து 1989 முதல் மூன்று பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆண்டுக்கு ஒரு தூணாகப் போடுங்கள். மூன்றுக்கும் மூன்று நிறம். செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். 1994 தூண் மற்றதையெல்லாம் குள்ளமாக்கும், அதைச் சுருக்காதீர்கள். கடைசித் தூணின் மேல் பென்சிலில் “திருத்தத்துக்கு உட்பட்டது” என்று எழுதுங்கள், ஏனென்றால் புதுத் தகவல் வர வர பழைய ஆண்டுகளின் எண் பெரும்பாலும் மேலேதான் போகும். திக்ரேவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அடுத்த ஆண்டு புதுக் கோப்பை இறக்கி, அதே வரைபடத்தை மறுபடி போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.