‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொன்ன பிறகு: வாசகர் கேள்வி பதில்

(அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து, கடைசி சில வருடம் நர்ஸ்களுக்கே வலி தணிப்புப் பயிற்சி கொடுத்தவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, வாயில் புற்றுநோய். ஜி.எச்.சில் மார்பின் மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ‘அது போதை மருந்து, சீக்கிரம் ஆளைக் கொண்டுபோய்விடும்’ என்று அண்ணன் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். அப்பா ராத்திரி முழுக்க முனகுகிறார். என்ன செய்ய?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: முதலில் பீரோவைத் திறங்கள். பூட்டி வைப்பது சரிதான், குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டத்தான் வேண்டும், ஆனால் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் மார்பின் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம், அது ஆயுளையும் குறைக்காது. தூங்காமல், சாப்பிடாமல், வலியோடு கிடப்பதுதான் ஆளைக் கரைக்கிறது, இதை அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள்.

சாதாரண மார்பின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் அப்பா முனக ஆரம்பித்த பிறகு தேடி எடுத்துக் கொடுப்பது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது மாதிரி. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், ராத்திரி 10 மணி வேளைக்கு மட்டும் இரண்டு மடங்காகக் கொடுத்தால் நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம், இதை மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். விழுங்க முடியவில்லை என்றால் சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாம், மெதுவாகக் கரைகிற வகை என்றால் பொடிக்கவே கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் மயக்கமாகத் தூங்குவார், வாந்தி வரலாம், அது அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. பேதி மாத்திரை சேர்த்து எழுதித் தராமல் விட்டிருந்தால் திரும்பிப் போய்க் கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பினாலும் எழாமல், மூச்சும் குறைந்து தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒன்றியத்துக்கு ஒரு நர்ஸ் இந்த வேலைக்கென்றே இருக்கிறார். உங்கள் தெருவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் அப்பா பெயரைக் கொடுங்கள்.

கேள்வி: தாலுகா மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பாலியேட்டிவ் (தீராத நோயுள்ளவர்களின் வலியையும் அவதியையும் தணிக்கிற பராமரிப்பு) பயிற்சிக்கு என் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். ஊசியும் டிரெஸ்ஸிங்கும் தெரிந்தவளுக்கு, சாகப்போகிறவர்களைப் பார்க்கத் தனியாக ஒரு பயிற்சியா?
- வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: நானும் இதே கேள்வியோடுதான் போனேன் தங்கச்சி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. முதல் நாள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் வார்டில் கடைசியாக இறந்தவருக்கு வலி எவ்வளவு இருந்தது? பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பி.பி. தெரியும், பல்ஸ் தெரியும், யூரின் எவ்வளவு போனது என்பது கூடத் தெரியும், வலியைக் கேட்டு எழுதினவர் ஒருத்தி இல்லை.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லி, அதை சார்ட்டில் எழுதுவார்கள். நம் ஊரில் எண் கேட்டால் சிரிப்பார்கள். நான் ஒரு பாட்டியிடம், ‘ஒரு ரூபாய் வலின்னா இப்ப எத்தனை அணா இருக்கு?’ என்று கேட்டேன், பளிச்சென்று ‘பன்னெண்டணா’ என்றாள். மாத்திரைக்கு அப்புறம் நாலணா. அதைத்தான் டாக்டரிடம் காட்டினேன், அதைப் பார்த்துத்தான் அவர் மருந்தின் அளவை முடிவு செய்தார்.

அப்புறம் நாற்றம். கன்னத்தில் புண் வெடித்த ஒரு அம்மாவை வார்டின் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளியிருந்தோம், நானுமே அந்தப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பயிற்சியில் சொன்னபடி உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினேன். மாத்திரை விலை சொற்பம், எல்லா ஸ்டோரிலும் கிடக்கிறது. மூன்றாம் நாள் அவர் மருமகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். அத்தனை நாளும் வராண்டாவில் சாப்பிட்டவள். டிரெஸ்ஸிங் தெரியும் என்கிறீர்கள், எனக்கும் இருபது வருடமாகத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

லண்டனில் 1967இல், கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவ சமூகப் பணியாளராகி, அப்புறம்தான் டாக்டருக்குப் படித்தார். பக்கத்தில் கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்னதாக ஆரம்பித்த இந்தப் பராமரிப்பு, 2008இல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ் வீடு வீடாகப் போகிறார். மார்பினைப் பற்றிய பயமும் இனி வேண்டாம். மார்பின் எடுக்கிற அபினியை மருந்துக்காக விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாடு இது, ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரே மருந்துக்கு நாலைந்து உரிமம் வாங்க அலைய வேண்டியிருந்ததால் பல மருத்துவமனைகள் மார்பினே வாங்காமல் விட்டுவிட்டன. அந்தச் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும். ரெஜிஸ்டரை ஒழுங்காக எழுதினால் உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பயிற்சி முடித்து வந்த மூன்றாம் மாதமே என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சாவி, ரெஜிஸ்டர் எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஸ்டாக் இருந்தும் மார்பின் அலமாரியிலேயே கிடந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். அதனால் போய்வந்த முதல் வாரமே இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், அதில் ஒருத்தர் நைட் டூட்டிக்காரராக இருக்கட்டும்.

கேள்வி: பாலியேட்டிவ் என்றாலே புற்றுநோய்தானே?
- வாசகர், கடலூர்

பதில்: இல்லை. பக்கவாதம், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயமும் நுரையீரலும் கெட்டு மூச்சு வாங்குகிறவர்கள், மறதி நோய், தீராத நோயுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் உண்டு. மற்ற சிகிச்சை நடக்கும்போதே சேர்த்துத் தொடங்கலாம், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மனைவிக்கு நோய் முற்றிவிட்டது. அவளிடம் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருக்கிறோம். சரிதானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அவருக்குத் தெரியாது என்று எப்படி இவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்? நான் பார்த்த பல பேர் நர்ஸிடம் ரகசியமாகச் சொல்வது இதுதான்: ‘எனக்குத் தெரியும் சிஸ்டர், அவர் தாங்க மாட்டார், அவர்கிட்ட சொல்லிடாதீங்க.’ இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே அறையில் இருப்பார்கள். எடுத்த எடுப்பில் போய் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். ‘உடம்பைப் பத்தி உனக்கு என்ன தோணுது?’ என்று கேட்டுவிட்டு, பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளமாகத்தான் இருக்கும், குறுக்கே ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றால் பேச்சை மாற்றுவார், அப்போது விட்டுவிடலாம்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்கு முதுகடியில் சிவந்திருக்கிறது. வளையம் மாதிரி காற்றுத் தலையணை வாங்கலாமா?
- வாசகி, செங்கல்பட்டு

பதில்: வாங்காதீர்கள், அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், ஏர் பெட் போட்டாலும் திருப்பத்தான் வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்து எண்ணெய் போடாதீர்கள், பவுடரும் வேண்டாம். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, நாளைக்கே நர்ஸை வரச் சொல்லுங்கள்.